முதல் மூன்று மெட்டுகள்

எபனேசரிடம் ஒரு பொருளை ஒப்படைத்தால், கொடுத்ததைவிடச் சுத்தமாகத் திரும்பி வரும் என்று தூத்துக்குடித் துறைமுகத்தில் பேர். கப்பல் கம்பெனி ஒன்றில் அவர் குமாஸ்தா. குடையை மறந்தவர்கள், கோட்டை மறந்தவர்கள் எல்லாரும் நேரே அவர் மேஜைக்குத்தான் வருவார்கள். வெளியே காட்டிக்கொள்ளமாட்டாரே தவிர, அந்தப் பேர் மீது மனுஷனுக்குக் கொள்ளை ஆசை. அது போவதைவிட நாலு பல் போகட்டும் என்பார் மனசுக்குள்.

அப்படிப்பட்டவரிடம்தான் வான்ரோயன் தன் எலெக்ட்ரிக் கிதாரை விட்டுவிட்டுப் போனார்.

வான்ரோயன் கொழும்புக்காரர். சரக்குக் கப்பல் ஒன்றில் வயர்லெஸ் ஆபரேட்டர். சண்டை முடிந்து ஊருக்குக் கிளம்பிய அமெரிக்கச் சிப்பாய் ஒருவனிடம் அந்தக் கிதாரை வாங்கியிருந்தார். அதை ரேடியோப் பெட்டியோடு ஒயர் போட்டு இணைத்து, கப்பலே அதிர வாசிப்பார். இன்னொரு தடவை அந்தக் கர்ணகடூரத்தைக் கேட்டால் கிதாரைக் கடலில் தூக்கி எறிந்துவிடுவேன் என்று கப்டன் சொல்லிவிட்டார். நாசரேத் பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில் எபனேசரும் கொஞ்சம் கிதார் பழகியவர். அது வான்ரோயனுக்குத் தெரியும். கப்பல் கல்கத்தா போய்த் திரும்பும்வரை ஏழு வாரம் பத்திரமாக வைத்திருங்கள் என்று கொடுத்துவிட்டு, கப்பலுக்குப் போகும் லாஞ்சில் ஏறிவிட்டார்.

இன்னொருவராக இருந்தால் அன்று சாயங்காலமே வாசித்துப் பார்த்திருப்பார். எபனேசர் தொடவில்லை. அடுத்தவர் செருப்பைப் போட்டுப் பார்ப்பதுபோல அவருக்கு அது.

பக்கத்து வீட்டு கஸ்பார்தான் வந்து கெடுத்தான். கொழும்புக்குச் சரக்குத் தோணி ஓட்டுகிற தண்டல் அவன். கிதாரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "என்னவே எபனேசரு, கம்பியெல்லாம் இப்படி விறைப்பா நிக்குது? தோணி கரைக்கு வந்துட்டா பாய்மரத்துக் கயிறைத் தளர்த்திப் போடணும்வே. இல்லேன்னா மரம் என்னத்துக்கு ஆகும்?" என்றான்.

நியாயமாகத்தான் பட்டது. எபனேசர் ஆறு கம்பியையும் தொளதொளவென்று தளர்த்தி, கிதாரைப் போர்வையில் சுற்றி, அலமாரிக்கு மேலே வைத்தார். உப்புக்காற்று படக்கூடாதென்று ஜன்னலையும் சாத்தினார். ஏழு வாரமும் வீட்டில் காற்றில்லை. அவர் மனைவி கிருபாபாய் முந்தானையால் விசிறிக்கொண்டே காலம் தள்ளினாள்.

வியாழக்கிழமை கப்பல் வருகிறது என்று தந்தி வந்தது. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் எபனேசர் கிதாரை இறக்கி, கம்பிகளை முறுக்கிச் சுருதி சேர்த்தார். கழுத்தில் குறுக்கே பதித்திருந்த மெட்டுகளில் முதலாவதில் விரலை வைத்து ஒரு கம்பியை மீட்டினார்.

கர்ர்ர் என்றது.

இரண்டாவது மெட்டு, மூன்றாவது மெட்டு, எல்லாம் அதே கதை. தகரத்தில் வண்டு மாட்டிக்கொண்டதுபோல ஓர் இரைச்சல்.

"ஏங்க, அது அப்படித்தான் சத்தம் போடுமோ என்னமோ" என்றாள் கிருபாபாய்.

"எந்தக் கிதாரும் இப்படிக் கத்தாதுளா. நான் கெடுத்துட்டேன். மனுசன் நம்பிக் குடுத்ததைக் கெடுத்துட்டேன்."

அன்று ராத்திரி விளக்கைக் கிட்டே இழுத்து வைத்துக்கொண்டு கிதாரைப் பார்த்தார்.

கம்பிகள் மெட்டுகளின் மேல் படுத்துக் கிடப்பதுபோல் தெரிந்தது. கம்பிகளைத் தாங்கி நிற்கும் குதிரையில் இரண்டு பக்கமும் சின்னச் சக்கரங்கள் இருந்தன. அவற்றைத் திருகிக் குதிரையை உயர்த்தினார். கீழ்ப்பக்கத்தில் கம்பி எட்டாத உயரத்துக்குப் போய், அழுத்தினால் விரல் நுனி வெட்டியது. ஆனால் மேலே முதல் மூன்று மெட்டுகளில் இரைச்சல் துளியும் குறையவில்லை. பழையபடி இறக்கி வைத்தார்.

புதன்கிழமை காலையில் கஸ்பாரைக் கையோடு இழுத்து வந்தார்.

"உம்ம பேச்சைக் கேட்டுத்தானே தளர்த்தினேன். இப்பப் பாரும்."

கஸ்பாருக்கு முகம் செத்துவிட்டது. கிதாரை வாங்கி, தலைப்பக்கத்தைக் கண்ணருகே வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு கழுத்தின் நீளத்துக்கும் பார்த்தான். தோணியில் பாய்மரத்தைப் பார்க்கிற பார்வை அது.

"வே, இது நேரா இல்ல. கழுத்து பின்னால வளைஞ்சிருக்கு. நடுவுல முதுகு தள்ளிட்டு நிக்குது பாரும். அதான் கம்பி அங்கன உரசுது."

எபனேசரும் ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். ஆமாம், வளைந்துதான் இருந்தது.

"முன்னால ஆறு கம்பி இழுக்குது. அப்ப முன்னாலதான வளையணும்? பின்னால வளைஞ்சிருக்குன்னா, பின்னாலயும் ஒரு கயிறு இழுக்குதுன்னு அர்த்தம். அது எங்கன இருக்கு?"

தலைப்பக்கத்தில் சின்னத் தகடு ஒன்று திருகாணிகளோடு இருந்தது. கஸ்பார் அதைக் கழற்றினான். உள்ளே, கழுத்துக்குள் ஓடும் இரும்புக் கம்பியும் அதன் நுனியில் ஒரு நட்டும்.

"இந்தா இருக்குவே கயிறு!"

சைக்கிள் கடைப் பிச்சையாவிடம் போய், குழாய்போல நீண்ட ஸ்பானர் ஒன்றை வாங்கி வந்தார்கள். நட்டில் அது கச்சிதமாக உட்கார்ந்தது. திருகுவதற்குத்தான் எபனேசருக்குக் கை வரவில்லை. இப்போது கெட்டதோடாவது இருக்கிறது, ஒடிந்தே போனால் என்ன செய்வது?

"நீரு கண்ணை மூடிட்டு ஜெபம் பண்ணும். நான் தளர்த்துதேன்" என்றான் கஸ்பார்.

எபனேசர் உண்மையாகவே கண்ணை மூடிக்கொண்டார். கிருக் என்று ஒரு சத்தம் கேட்டது. அவர் உயிர் போய்த் திரும்பி வந்தது.

கால் சுற்று. சுருதி சேர்த்து மீட்டினார். இரைச்சல் பாதி குறைந்திருந்தது. இன்னொரு கால் சுற்று. முதல் மெட்டு, இரண்டாவது, மூன்றாவது. சுத்தமாக, வெண்கலம்போலக் கேட்டது. கிருபாபாய் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "இப்ப நல்லாயிருக்கே" என்றாள்.

கஸ்பார் தகட்டை மாட்டினான். "நாளைக்கு அந்த மனுசன்ட்ட ஒண்ணும் சொல்லாதயும். சரியாப்போச்சுல்லா, பேசாமக் குடுத்துட்டு வாரும். முக்கியமா என் பேரை எடுத்துராதயும்."

சொல்லாமல் விட்டுவிடலாம்தான். அந்த நினைப்பு இனிப்பாகவும் இருந்தது. அப்படி இனித்ததுதான் எபனேசருக்குப் பயமாக இருந்தது.

வியாழக்கிழமை லாஞ்ச் வந்தது. கஸ்பாரும் கூட வந்து, பத்தடி தள்ளி ஒரு மூட்டைக்குப் பின்னால் நின்றுகொண்டான். வான்ரோயன் கை குலுக்கிவிட்டு, கிதாரை வாங்கி அங்கேயே மீட்டினார். முதல் மெட்டில் நின்றார். மறுபடி மீட்டினார். புருவம் சுருங்கியது. கிதாரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இதற்கு என்ன செய்தீர்கள் என்று இங்கிலீஷில் கேட்டார்.

எபனேசருக்கு அதற்குமேல் அடக்க முடியவில்லை. கம்பியைத் தளர்த்தியது, இரைச்சல் வந்தது, தகட்டைக் கழற்றியது, நட்டைத் திருகியது, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டார். நான் கெடுத்துவிட்டேன், மன்னிக்க வேண்டும் என்றார்.

வான்ரோயன் சிரிக்க ஆரம்பித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அந்த இரைச்சல் வாங்கின அன்றைக்கே இருந்ததாம். இரண்டு வருஷமாக, எலெக்ட்ரிக் கிதார் என்றாலே அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தாராம். கப்டன் கடலில் எறிகிறேன் என்றதே அதைக் கேட்டுத்தானாம்.

எபனேசர் பக்கத்திலிருந்த மூட்டையில் உட்கார்ந்துவிட்டார். ஒரு தரம், ஒரே ஒரு தரம், முதல் நாள் மீட்டிப் பார்த்திருந்தால் இந்த இரண்டு நாள் நரகம் இல்லை. ஆனால் அதை நினைத்து வருத்தப்படக்கூட அவருக்கு அப்போது நேரமில்லை. நெஞ்சில் கிடந்த கல் இறங்கியதில் மூச்சு அவ்வளவு தாராளமாக வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டார். சிரிப்பும் வந்தது.

மூட்டைக்குப் பின்னாலிருந்து கஸ்பார் மெல்ல வந்தான்.

"அந்த மனுசன் ஏன்வே சிரிக்கான்?"

எபனேசர் விஷயத்தைச் சொன்னார். கஸ்பார் நெஞ்சை நிமிர்த்தினான்.

"நட்டைத் தளர்த்துனது நான்னு சொன்னீரா?"

"இல்லவே. உம்ம பேரையே எடுக்கலை."

"அட என்னவே நீரு! போயி என் பேரைச் சொல்லும். நட்டைத் திருகுனது கஸ்பார் தண்டல்னு சத்தமாச் சொல்லும்!"

எபனேசர் எழுந்து போய்ச் சொன்னார். முன்னால் கொட்டிய வாக்குமூலத்தைவிட இதை நல்ல சத்தமாகவே சொன்னார்.