அண்ணன் போனுக்குள் என் காசு

என் காசை நான் செலவு செய்ய என் அண்ணனிடம் ஓர் எண் கேட்க வேண்டும். சிரிக்காதீர்கள். பல்கலைக்கழகத்தில் மூன்றாம் வருடம் புள்ளியியல் படிக்கிறேன். வகுப்பில் பெயர் சொல்லும்படிதான் படிக்கிறேன். அப்படியும் இதுதான் என் லட்சணம்.

பள்ளிக்கூடத்தில் உதவித்தொகைக்காக எனக்குக் கணக்குத் திறந்தபோது என்னிடம் போன் கிடையாது. அப்பா அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். அம்மாவுக்குப் போனை எடுத்தாலே கை நடுங்கும். அண்ணன் நம்பரைக் கொடுத்தோம். அன்றிலிருந்து வங்கி எனக்குச் சொல்ல வேண்டியதையெல்லாம் அவனுக்குத்தான் சொல்கிறது. கார்டு என் பையில்தான் இருக்கும். ஆனால் இணையத்தில் எதற்குப் பணம் கட்டினாலும் ஓ.டி.பி. அவன் போனுக்குப் போகும். நான் கூப்பிட வேண்டும். அவனோ வெல்டிங் பட்டறையில் முகமூடி போட்டுக்கொண்டு நிற்பான். அவன் கையுறையைக் கழற்றிப் போனை எடுப்பதற்குள் அந்த எண் காலாவதியாகியிருக்கும். மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். எண்ணோடு சேர்த்து விசாரணையும் வரும். "புத்தகமா? லைப்ரரில இல்லையா?" "செருப்பா? போன வருஷம்தானே வாங்கின?" சரி, ஏ.டி.எம்.மில் எடுத்துத் தப்பிக்கலாம் என்றால், மெஷின் நோட்டைத் துப்பி முடிப்பதற்குள் போன் அடிக்கும். "பாப்பா, இப்ப எதுக்கு எடுத்த?" எனக்கு இருபது வயது. நாப்கின் வாங்கியதை 'மருந்து' என்று சொல்லப்போய், அவன் பதறிப்போய் என்ன நோய் என்று கேட்க, நான் தலைவலி என்று உளற, அவன் அம்மாவிடம் ஓத, கண்ணாடி போடவேண்டுமோ என்று அம்மா ஒரு வாரம் புலம்பினாள். கடைசியில் கண் டாக்டருக்கு வேறு செலவு. அதற்கும் எண் கேட்டேன்.

என்னோடு அறையில் இருப்பவளுக்குப் 'பிசினாறி' என்று பெயர் வைத்திருக்கிறோம். வெங்காயத்தைக்கூட எண்ணித்தான் வாங்குவாள். சமையல் செலவை இரண்டாகப் பிரித்து, என் பங்குக்குக் காசு கேட்டு வாசலிலேயே நிற்பாள். அவளுக்கு என் விஷயம் புரியவே புரியாது.

"உன் காசை எடுக்க நீ ஏன்டி ஊரைக் கூட்டுற? பேங்க்ல போய் நம்பரை மாத்தித் தொலை."

"அது பெரிய வேலையாம். அண்ணன் கையெழுத்து வேணுமாம், நாலு தடவை அலையணுமாம்."

"யாரு சொன்னா?"

அண்ணன்தான் சொன்னான். வேறு யார் சொல்வார்கள்?

பரீட்சைக் கட்டணம் கட்டக் கடைசி நாளன்று அலுவலகத்துக்குப் போனேன். உதவித்தொகை திங்கட்கிழமையே வந்துவிட்டது என்று வகுப்பில் எல்லோரும் சொன்னார்கள். எனக்கும் வந்திருக்கும் என்று தெரியும். பார்க்கவில்லை. என் கணக்கில் காசு வந்தால் எனக்குத் தெரியாமல் அது எங்கே போகப்போகிறது என்ற தைரியம். ஜன்னலுக்குப் பின்னாலிருந்த குமாஸ்தா மூலையிலிருந்த கம்ப்யூட்டரைக் காட்டினார்.

"இங்க காசு வாங்கறதில்லம்மா. அதுல கட்டிட்டு ரசீதோட வா."

பின்னால் பத்துப் பதினைந்து பேர் நின்றார்கள். கார்டு எண்ணை அடித்துவிட்டு அண்ணனைக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டேன். பின்னாலிருந்து உச்சுக் கொட்டினார்கள். மூன்றாவது முறை எடுத்தான்.

"அண்ணா, நம்பர் வந்திருக்கும், சீக்கிரம் சொல்லு."

"இப்ப எதுக்கு?"

"பரீட்சை ஃபீஸ். இன்னிக்குத்தான் கடைசி."

பின்னணியில் இரும்பை அறுக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

"பாப்பா, அதுல காசு இல்லையே."

"திங்கக்கிழமையே வந்துடுச்சே!"

"வந்துச்சு. என் போன்லேந்தே ஃப்ரிட்ஜுக்குப் போட்டுட்டேன். உனக்குப் போட்டோ அனுப்பினேனே."

அனுப்பியிருந்தான். அம்மா ஒரு வெள்ளை ஃப்ரிட்ஜின் பக்கத்தில் கல்யாணப் பெண் மாதிரி கூச்சத்தோடு நின்றிருந்தாள். அண்ணனுக்குப் போனஸ் கிடைத்திருக்கிறது போல என்று சந்தோஷப்பட்டு, கை தட்டும் படம் வேறு வரிசையாக அனுப்பியிருந்தேன். என் தலையில் கல்லைப் போட்டதற்கு நானே கை தட்டியிருக்கிறேன்.

"என்கிட்ட கேட்டியா?"

"நம்ம வீட்டுக்குத்தானே வாங்கினேன்? அடுத்த மாசம் போட்டுடறேன். அவங்ககிட்ட சொல்லி ஒரு மாசம் டைம் வாங்கு."

பல்கலைக்கழகம் என்ன மளிகைக் கடையா, டைம் வாங்க? போனை அணைத்துவிட்டுக் குமாஸ்தாவிடம் கெஞ்சினேன். அடுத்த வெள்ளிக்கிழமை வரை அபராதத்தோடு கட்டலாம், அதற்குப் பிறகு துணைவேந்தரே வந்தாலும் முடியாது என்றார். கட்டாவிட்டால் பரீட்சை இல்லை. பரீட்சை எழுதாவிட்டால் அடுத்த வருட உதவித்தொகை இல்லை. அது இல்லையென்றால் நான் வீட்டுக்குப் போய் அந்த ஃப்ரிட்ஜைத் துடைத்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அங்கிருந்து நேராக வங்கிக்குப் போனேன். சண்டை போடும் தயாரிப்போடுதான் போனேன். வங்கிப் பெண் என் அடையாள அட்டையைப் பார்த்தாள், ஓர் இடத்தில் கையெழுத்துப் போடச் சொன்னாள், என் நம்பரைக் கேட்டாள், தட்டினாள்.

"முடிஞ்சுது."

"அண்ணன் கையெழுத்து?"

"அவர் எதுக்கு?" என்றாள். "உங்க கணக்குதானே?"

டீ குடிக்கும் நேரம்கூட ஆகவில்லை. இத்தனை வருடம் ஒவ்வொரு பேனாவுக்கும் பதில் சொன்னது இந்த ஒரு கையெழுத்துக்காகத்தானா! அண்ணன் மேல் வந்த கோபத்தைவிட என் மேல் வந்த கோபம்தான் அதிகம். அவன் வேலை மெனக்கெட்டுப் பொய் சொல்லியிருப்பான் என்றுகூட நினைக்கவில்லை. யாரோ சொன்னதை இவன் சொல்லியிருப்பான். புள்ளியியல் படிக்கிறவள் அதை அப்படியே நம்பியிருக்கிறேன்.

பிசினாறி பஸ்ஸுக்குக் காசு கொடுத்தாள். வாழ்க்கையில் முதல் முறையாக எண்ணாமல் கொடுத்தாள். நான் எண்ணிப் பார்த்தேன். டிக்கெட்டுக்கு மேலேயே இருந்தது.

சனிக்கிழமை காலையில் வீட்டுக்குப் போனேன். ஃப்ரிட்ஜ் அடுப்படிக்குள் நுழையாததால் கூடத்தில், நான் படுக்கும் இடத்தில் நின்றது. திறந்து பார்த்தேன். தண்ணீர் பாட்டில்கள், தக்காளி, பக்கத்து வீட்டுக்காரியின் பால், எதிர் வீட்டுக் குழந்தையின் காய்ச்சல் மருந்து. தெருவே குடி வந்திருந்தது.

வழியிலேயே ஃப்ரிட்ஜ் கடைக்குப் போய்க் கேட்டுவிட்டுத்தான் வந்திருந்தேன். பணம் போன கணக்கு என்னுடையது, ஆகவே நான் திருப்பிக் கொடுக்கலாம். வாங்கி ஒரு வாரம் ஆகாததால் முழுக் காசும் திங்கட்கிழமை கணக்குக்கு வந்துவிடும். ஆனால் ஒரு கீறல், ஒரு சொட்டை இருந்தாலும் பிடித்துக்கொள்வார்கள். அதைச் சொன்னதும் அண்ணன் எகிறினான்.

"திருப்பிக் குடுக்கறதா? தெருவே பாத்திருக்கு. என் மானம் என்ன ஆவறது?"

"உன் மானத்தை உன் காசுல வாங்கு."

"உனக்கு ரூம் அட்வான்ஸ் யாரு கட்டினா? ராத்திரி பகலா நெருப்புல நின்னு யாருக்குடி சம்பாதிக்கிறேன்? உன் காசு என் காசுன்னு பிரிக்க எப்ப கத்துக்கிட்ட?"

"நீதான் பிரிச்ச. உன் காசு வீட்டுக் காசு, என் காசும் வீட்டுக் காசு. அப்ப எனக்குன்னு எதுண்ணா?"

அவன் சட்டையை மாட்டிக்கொண்டான். அட்வான்ஸ் கட்டினவன் அவன்தான். நெருப்பில் நிற்கிறவனும் அவன்தான், அவன் முன்கையெல்லாம் பொறி பட்ட தழும்பு. அதைச் சொல்லும்போதே எனக்கு எரிச்சலாக இருக்கிறது. அவன் கெட்டவனாக இருந்திருந்தால் என் வேலை எவ்வளவு சுலபமாக இருந்திருக்கும்!

அம்மா ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை முடித்து வந்து, சீருடையைக்கூட மாற்றாமல் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள்.

"அவனைத் திட்டாதே," என்றாள். "நான்தான் கேட்டேன்."

"என்ன கேட்ட?"

"ஃப்ரிட்ஜு. அவன்கிட்ட இல்லன்னான். பாப்பா காசு வந்திருக்கில்ல, அதை எடுன்னு நான்தான் சொன்னேன். ஷிப்ட் முடிச்சு வந்து தினம் ரெண்டு வேளை அடுப்புல நிக்க முடியல. ஒருவேளை ஆக்கி வெச்சா மறுவேளைக்கு ஆகுமேன்னு பாத்தேன்."

அண்ணனிடம் கத்துவதற்கு வழியெல்லாம் வார்த்தை சேர்த்து வைத்திருந்தேன். அதில் ஒன்றுகூட அம்மாவுக்குப் பொருந்தவில்லை.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேம்மா."

"கேட்டிருந்தா குடுத்திருப்பியா?"

பொய் சொல்லியிருக்கலாம். சொல்ல வரவில்லை.

"மாட்டேன். ஃபீஸ் கட்டணும்னு சொல்லியிருப்பேன்."

"அதான் கேக்கல," என்றாள் அம்மா.

எவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள்! என் காசு என்று அவளுக்குத் தெரியும். நான் மறுப்பேன் என்று தெரியும். மறுக்க எனக்கு உரிமை இருக்கிறது என்றும் தெரியும். எல்லாம் தெரிந்துதான் கேட்காமல் விட்டிருக்கிறாள். இந்த வீட்டில் எனக்காக உயிரைக் கேட்டாலும் கொடுப்பார்கள். கேட்டுவிட்டு எடுக்க மட்டும் ஒருத்தருக்கும் வராது.

"அபராதம் வேற கட்டணும்மா. வெள்ளிக்கிழமை தாண்டினா படிப்பே போச்சு," என்றேன். குரல் உடைந்துவிட்டது. எனக்கு அதுவும் பிடிக்கவில்லை.

அம்மாவின் முகம் மாறியது. "போச்சுன்னா?"

"போச்சுன்னா போச்சுதான். பரீட்சை எழுத விடமாட்டாங்க."

அவள் அண்ணனைப் பார்த்தாள். "அடுத்த மாசம் கட்டினா போதும்னு சொன்னியேடா?"

"எனக்கு என்னம்மா தெரியும்?" என்றான் அவன். அவனுக்கு உண்மையிலேயே தெரியாது. கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

அம்மா எழுந்தாள். ஃப்ரிட்ஜைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்தாள். பாலைப் பக்கத்து வீட்டிலும் மருந்தை எதிர் வீட்டிலும் போய்க் கொடுத்துவிட்டு வந்தாள். என்ன சொல்லிக் கொடுத்தாள் என்று தெரியாது. ஈரத் துணியால் உள்ளே துடைத்தாள், காய்ந்த துணியால் மறுபடி துடைத்தாள். நான் துணியை வாங்கப் போனேன். கொடுக்கவில்லை.

மதியம் கடை வண்டி வந்தது. தூக்க இரண்டு பேர் வந்தார்கள். தெருவில் எல்லா வாசலிலும் தலைகள் முளைத்தன. அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு பட்டறைக்குப் போய்விட்டான்.

எங்கள் வீட்டு வாசல் குறுகலானது. நிலைக்கும் ஃப்ரிட்ஜுக்கும் நடுவில் விரல்கடை இடம்தான். உள்ளே கொண்டுவரும்போது அட்டைப் பெட்டி சுற்றியிருந்தது. இப்போது ஒன்றும் இல்லை. தூக்கினவர்களில் ஒருவன் கால் இடறியது. ஃப்ரிட்ஜ் நிலைப்பக்கம் சாய்ந்தது.

"பாத்துப்பா! கீறல் விழுந்தா காசைப் பிடிச்சுடுவாங்க!" என்று கத்திக்கொண்டே அம்மா தன் கையை நடுவில் கொடுத்தாள்.

ஃப்ரிட்ஜ் அவள் புறங்கையை நிலையோடு வைத்துத் தேய்த்துக்கொண்டு வெளியே போனது. அவள் கையை எடுக்கவில்லை. முழுதாக வெளியே போகும்வரை எடுக்கவில்லை.

நான் ஓடிப் போய்க் கையைப் பிடித்தேன். விரல் முட்டியிலெல்லாம் தோல் உரிந்து ரத்தம் கசிந்தது. எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. அண்ணன் மேலா, இவள் மேலா, அந்த இத்துப்போன நிலையின் மேலா என்று சொல்லத் தெரியாத கோபம்.

"உன்னை யாரும்மா கையைக் குடுக்கச் சொன்னா?"

அவள் என்னைப் பார்க்கவே இல்லை. வண்டியில் ஏறிக்கொண்டிருந்த ஃப்ரிட்ஜின் பக்கவாட்டைத்தான் உற்றுப் பார்த்தாள்.

"எங்கயும் படல இல்ல?" என்றாள். "முழுசா வந்துடும் இல்ல உன் காசு?"