மனப்பிராந்தி

"கத்தாதே. ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் வந்துக்கிட்டிருக்காரு. நீ கத்துனா அதையும் எழுதிக்குவாரு" என்றார் தெய்வநாயகம், தாழ்ந்த குரலில்.

மரகதவல்லி வாயை மூடிக்கொண்டாள். அவருடைய இறந்துபோன தம்பியின் மனைவி அவள், வயது இருபத்துமூன்று. காஜா பெராங் தெருவில் அஞ்சடி நடைபாதையை ஒட்டிய அந்தக் கடைவீட்டில் அவளுக்கு வேறு நாதி இல்லை.

ஆறு மாதத்துக்கு முன் ஒரு மத்தியானம், தெய்வநாயகம் அவள் அறைக்கதவின் தாழ்ப்பாளைத் திருப்புளியால் கழற்றினார். ஏன் என்று கேட்டாள். திருகாணிகளைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அன்று முதல் கதவுக்கு முட்டாகத் துணிப்பெட்டியை நகர்த்தி வைத்துத்தான் படுத்தாள். கடைசியில் கோயில் தர்மகர்த்தாவிடம் போய் முறையிட்டாள்.

அதற்குள் தெய்வநாயகம் முந்திவிட்டிருந்தார்.

"பாவம், தம்பி போனதுலேருந்து அதுக்குச் சித்தம் சரியில்ல. என்னென்னமோ சொல்லுது."

இதை அவர் கோபமாகச் சொல்லவில்லை, கண்கலங்கச் சொன்னார். கோப்பிக்கடையில் சொன்னார், பாசாரில் காய்கறி வாங்கும்போது சொன்னார். கேட்டவர்கள் மற்றவர்களிடம் சொன்னார்கள். தைப்பூசம் வருவதற்குள் அது ஊரறிந்த விஷயமாகிவிட்டது. அவள் அழுதால் சித்தப்பிரமை. பேசாமல் இருந்தால், முற்றிவிட்டது. பெட்டி நகரும் சத்தம் கேட்டால் பக்கத்து வீட்டுப் பெண்கள் உச்சுக்கொட்டினார்கள்.

டாக்டருக்கு உதவியாக நோயாளிகளைப் பார்க்கும் டிரஸ்ஸர் ஞானமுத்து கெட்டவர் அல்ல. முக்காலியை இழுத்துப் போட்டு அவள் எதிரே அமர்ந்து, இதமாகவே கேட்டார்.

"உனக்கு என்னம்மா செய்யுது?"

"எனக்கு ஒண்ணும் செய்யலைங்க. இவருதான் தாழ்ப்பாளைக் கழட்டிட்டு, ராத்திரியில வந்து கதவைத் தள்ளுறாரு."

அவள் அறைக்கதவு மூன்றடி தூரத்தில்தான் இருந்தது. திருகாணி இருந்த துளைகள் நன்றாகத் தெரிந்தன. ஞானமுத்து திரும்பிப் பார்க்கவில்லை. கையிலிருந்த ஆஸ்பத்திரிப் படிவத்தில் ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதினார்.

"என்னங்க எழுதுனீங்க?"

"மனப்பிராந்தின்னு எழுதியிருக்கேன். வீட்டு ஆம்பளைங்க மேல இப்படிப் பழி தோணுறதுதான் இந்த நோய்க்கு அடையாளம். பயப்படாதே. வெள்ளைக்கார டாக்டர் துரை கையெழுத்துப் போட்டுட்டா, நாளைக்குக் காலைக் கப்பல்ல சிங்கப்பூர் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடலாம்."

அடுப்படி வாசலில் தெய்வநாயகத்தின் மனைவி விசாலாட்சி நின்றிருந்தாள். வெளியாள் முன்னிலையில் கணவனுக்கு எதிராக ஒரு வார்த்தை பேசியறியாதவள். இப்போது முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள்.

"ஐயா, அது சொல்றது நெசம். இவரு திருப்புளியோட நின்னதை நான் பாத்தேன். கதவைத் தள்ளுனப்பெல்லாம் முழிச்சுக்கிட்டுத்தான் கெடந்தேன். இத்தனை நாளா பேசாம இருந்தது என் தப்பு."

தெய்வநாயகத்தின் கண்கள் கலங்கின.

"பாத்தீங்களா டிரஸ்ஸர்? ஒரே வீட்டுல கூடவே இருந்து... இதுக்கும் தொத்திக்கிச்சு."

ஞானமுத்து வருத்தத்தோடு தலையசைத்தார். பையிலிருந்து அதே படிவம் இன்னொன்றை எடுத்தார்.

"உங்க பேரு என்னம்மா?"

விசாலாட்சி மரகதவல்லியின் பக்கத்தில் போய் உட்கார்ந்து, அவள் கையைப் பற்றிக்கொண்டாள்.

"விசாலாட்சி. நான் சொன்னதையும் அப்படியே எழுதிக்குங்க."

அவர் பெயரை மட்டும் எழுதிக்கொண்டார்.