பின் சீட்டு ஃபேன்

நாகஜோதி புதுக் கார் எடுத்ததே வாரண்டி என்ற ஒரு சொல்லை நம்பித்தான். பழைய வண்டி போதாதா என்று ஸ்ரீவில்லிபுத்தூரில் அவளுக்குப் புத்தி சொல்லாத ஆளில்லை. தொண்டையில் புற்று வந்த புருஷனைத் தினமும் மதுரைக்குக் கரண்டு வைக்க, அதாவது கதிர்வீச்சு சிகிச்சைக்கு, கூட்டிப்போகிறவள் அவள். பழைய வண்டி நடுவழியில் நின்றால் இந்தப் புத்திமான்களா வந்து தள்ளப்போகிறார்கள்? வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைத்தாள். பேண்டேஜ் துணி ஏற்றிய மினிவேனை ஓட்டிப் பழகிய கை என்பதால் டிரைவரும் தேவைப்படவில்லை.

பஸ் அவள் புருஷன் சோலைராஜுக்குச் சரிப்படவில்லை. எச்சிலை விழுங்க முடியாமல் டம்ளரில் துப்பிக்கொண்டே வர வேண்டும். ஒருநாள் பக்கத்து சீட்டுக்காரன் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து போனான். அன்றோடு, செத்தாலும் பஸ் ஏறமாட்டேன் என்றுவிட்டார்.

காரில் ஏசி போட்டால் தொண்டை வறண்டு இருமினார். பின் சீட்டுக்கு மேலே ஒரு சின்ன ஃபேன் இருந்தால் தேவலை என்று அவரே கேட்டார். வாய் திறந்து அவர் ஒன்று கேட்டதே அவளுக்குச் சந்தோஷம். பஸ் ஸ்டாண்டு பக்கம் கடை வைத்திருக்கும் எலக்ட்ரீஷியன் ஜெபின் அன்றைக்கே மாட்டிக் கொடுத்தான்.

கொஞ்ச நாள்தான். கிருஷ்ணன்கோவில் தாண்டும்போது கருகல் வாடை அடித்து வண்டி நின்றது. அவரை ஆட்டோவில் வீட்டுக்கு அனுப்பிவிட்டாள். வண்டியை ராஜபாளையத்தில் உள்ள கம்பெனி சர்வீஸுக்குக் கட்டி இழுத்துப் போனார்கள்.

"இந்த ஒயர்ல ஜாயிண்ட் போட்டது யாருக்கா?" என்றான் அங்கே சூப்பர்வைசராக இருந்த கௌதம்ராஜ்.

"நம்ம ஜெபின்தான் தம்பி. நல்ல வேலைக்காரன்."

பெருமையாக வேறு சொல்லித் தொலைத்தாள்.

"எஞ்சின், கியர்பாக்ஸ், கம்ப்யூட்டர் போர்டு எல்லாம் தானாப் பழுதானா வாரண்டி உண்டுக்கா. டயரு, பிரேக் கட்டை தேஞ்சாக் கிடையாது. வெளியாளு ஒயர வெட்டி ஜாயிண்ட் போட்டு, அதுல போர்டு கருகுனாலும் கிடையாது."

"நோயாளி மனுசனுக்குக் காத்து வரணும்னு மாட்டுனது தம்பி."

அவன் நல்ல பையன். கம்பெனிக்கு போட்டோ அனுப்பி, இரண்டு தடவை பேசியும் பார்த்தான். முடியாது என்றார்கள். மோதினால்தான் இன்சூரன்ஸ் என்று அந்தக் கதவையும் சாத்திவிட்டார்கள். எதற்கெல்லாம் தரமாட்டோம் என்று பொடி எழுத்தில் அச்சடிக்கத் தெரிந்தவர்களுக்கு, மனிதனுக்கு மூச்சுவிடக் காற்று வேண்டும் என்பது மட்டும் மண்டைக்கு எட்டவில்லை. புது போர்டின் விலைக்கு வங்கியில் வைக்க அவளிடம் இன்னொரு பத்திரம் இல்லை.

திரும்பும் பஸ்ஸில் அவரிடம் பேச வேண்டியதை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாள். பாதியில் விட்டால் இதுவரை வைத்த கரண்டும் வீண் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். ஜன்னலோரம் உட்கார வைத்து, பக்கத்தில் தானே உட்கார்ந்துகொள்ளலாம். கெஞ்சலாம், காலில் விழலாம்.

சோலைராஜ் கட்டிலில் விழித்துக் கிடந்தார்.

"வண்டி எப்ப வரும்?" குரல் காற்றாகத்தான் வந்தது.

"இப்பத்திக்கு வராதுங்க. நாளைக்குப் பஸ்லதான் போகணும்."

"பஸ்லயா? அப்ப நாளைக்குப் போக வேண்டாம்ல, ஏட்டி."

அந்த முகத்தில் இரண்டு மாதமாக அவள் பார்க்காத நிம்மதி இருந்தது. சொல்லிப் பார்த்து வந்ததையெல்லாம் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டார். செத்த நேரத்தில் தூங்கியும் போனார்.

எழுப்ப அவளுக்கு மனசு வரவில்லை. மறுநாள் காலை மதுரை பஸ்ஸுக்கு நேரமாகியும் எழுப்பவில்லை.