நிற்கிற உயரம்

அக்கா மகளை நான் வாயாடி என்றுதான் கூப்பிடுவேன். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே வீட்டை ஆட்டிவைத்தவள். போன வருடம் போய்விட்டாள். அவளுடைய விஆர் கண்ணாடி மட்டும் இருக்கிறது. மாட்டினால் எதிரில் வந்து பேசுவாள். அவளே அம்மாவுக்காகப் பதிவு செய்து வைத்தது. முகமும் இரண்டு கைகளும்தான் தெரியும், மற்றதெல்லாம் வெறும் காற்று. அக்காவுக்கு அது போதும். தினமும் சாயங்காலம் மாட்டிக்கொண்டு நிற்பாள்.

அந்தக் கண்ணாடியைச் செய்த கம்பெனி போட்டியில் தோற்று மூடிவிட்டது. இந்த மாதத்தோடு சர்வர் நிற்கும், கண்ணாடியும் செத்துவிடும் என்று தகவல் வந்தது. ஜெயித்த கம்பெனியின் கண்ணாடியில் இந்தப் பதிவு ஓடாது. இவனுக்கு அவன் ஆகாது, அவனுக்கு இவன் ஆகாது. நடுவில் மாட்டிக்கொண்டு முழித்தது என் அக்கா.

புதுக் கண்ணாடி ஒன்று வாங்கிக்கொண்டு, பதிவை அதற்கு மாற்றித் தரக் கேட்டு மெக்கானிக்கிடம் போனோம்.

"மாத்திடலாம்மா. ஆனா ஒரு தடவைதான். மாத்தினதும் பழசுல அழிஞ்சிடும், புதுசுல பூட்டிக்கும்" என்றார்.

வேலை முடிந்ததும் பெருமையாகவே சொன்னார். "பழசு உயரத்தைப் பாக்குறவங்க கண்ணுலேர்ந்து கணக்குப் பண்ணும், புதுசு தரையிலேர்ந்து அளக்கும். அதனால மாத்தினதும் பொண்ணு தரைக்குள்ள புதைஞ்சு கிடந்துச்சு. ஆள் உயரத்துக்குத் தூக்கி விட்டுட்டேன்."

தூக்கி விட்டாராம்! முகத்தையும் கையையும் மட்டும் பார்த்தவருக்கு அவள் உட்கார்ந்திருப்பது எப்படித் தெரியும்? அவர் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. யாரை நொந்துகொள்வது?

அக்கா கண்ணாடியை மாட்டினாள்.

"நிக்கிறாடா" என்றாள் மெதுவாக. "என்னைப் பாக்க மாட்டேங்குறா. என் தலைக்கு மேல யாரையோ பாத்துப் பேசுறா."

பதிவு செய்தபோது எதிரில் நின்ற அம்மாவை நாற்காலியிலிருந்து அண்ணாந்து பார்த்துப் பேசிய பேச்சு அது. இப்போது ஆள் உயர்ந்துவிட்டாள், பார்வை மட்டும் பழையபடி மேலேயே இருக்கிறது. என்னையறியாமல் அக்காவுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன். சுவர்தான் இருந்தது.

"இறக்கி விடுங்க" என்று மெக்கானிக்கிடம் பாய்ந்தேன். இனி முடியாது என்றார். பூட்டிக்கொண்டுவிட்டது, பழையதிலும் ஒன்றும் மிச்சமில்லை.

"ஏறி நிக்க ஏதாவது போடுடா" என்றாள் அக்கா.

கடை ஸ்டூலை இழுத்துப் போட்டுக் கைத்தாங்கலாக ஏற்றிவிட்டேன். முகத்தை முன்னே நீட்டித் தேடினாள். பிறகு அப்படியே நின்றுவிட்டாள். கண்ணாடியின் ஸ்பீக்கரிலிருந்து வாயாடியின் குரல் எனக்கும் கேட்டது.

"எவ்வளவு நேரம்மா நிப்ப? உக்காரேன். அண்ணாந்து பாத்துப் பாத்து எனக்குக் கழுத்து வலிக்குது."

ஸ்டூல் ஆடியது. "எறங்குக்கா" என்றேன்.

"எறங்கினா அவ கண்ணு கிடைக்காதுடா" என்றாள்.