மூன்றாவது கூரை

அட்டைக் கூம்பில் பேசுவதற்கு ஒரு முறை இருக்கிறது. குறுகிய முனையை உதட்டோடு ஒட்டிப் பிடிக்க வேண்டும். அடித்தொண்டையில் கத்தக் கூடாது. சொற்களை நீட்ட வேண்டும். அப்போது குரல் மூன்று தெரு தாண்டிப் போகும், ஆனால் யாருடைய குரல் என்று பெற்ற தாய்க்கே தெரியாது.

எங்கிருந்து வருகிறது என்பதைத்தான் ஊரைப் பிடித்திருந்த ஜெர்மானியப் படையின் ரோந்துச் சிப்பாய்கள் தேடினார்கள். ஏதென்ஸ் ஓரத்தில் எங்கள் அகதிக் குடியிருப்பின் சுவர்கள் மிக நெருக்கமானவை. ஒரு வாக்கியம் அவற்றில் மோதி எல்லாப் பக்கமும் கேட்கும்; சிப்பாய் தலையைத் திருப்புவதற்குள் முடிந்துவிடும். அதே இடத்திலிருந்து இரண்டாவது வாக்கியம் வந்தால் காது பிடித்துவிடும். அதனால் செய்தியை நான்காக வெட்டி, நான்கு கூரைகளிலிருந்து அடுத்தடுத்துச் சொன்னோம். கூரைக்கு ஒரு வாக்கியம். நான் கடைசி.

மூன்றாவது கூரை மினாஸுடையது. கம்பள ஆலையில் நூல் சுற்றுபவன். அன்று ஆலை வாசலில் என்னை வம்புக்கு இழுத்தான்.

"எவாந்தியா, போன தடவ ஆடு கத்தற மாதிரி இருந்துச்சுடி."

"ஆடா? இந்தப் பேட்டையில ஆடு இருந்தா எப்பவோ தின்னிருப்போமேடா!"

சிரித்தான். பிறகு தணிந்த குரலில், "இன்னிக்கு மட்டும் தப்பு நடக்கக் கூடாது," என்றான்.

விடிவதற்குள் குடியிருப்பை வளைக்கப் போவதாகத் தகவல் வந்திருந்தது. ஆண்களைச் சதுக்கத்தில் உட்கார வைப்பார்கள். முகமூடி போட்ட காட்டிக்கொடுப்பவன் ஒருவன் ஆட்களை நோக்கி விரல் நீட்டுவான். நீட்டப்பட்டவர்கள் திரும்புவதில்லை. நான் எங்கள் வீட்டுக் கூரையில் ஏறியபோது அப்பா கீழே பட்டாணிக் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்.

அந்தி மங்கியது. முதல் கூரை: "மக்களே, கேளுங்க!" இரண்டாவது: "முகமூடிக்காரன் நம்ம பேட்டைக்கு வர்றான்!"

மூன்றாவது பேசவில்லை.

இரண்டு தெரு தள்ளி, மினாஸின் கூரையில் இரண்டு இரும்புத் தொப்பிகள் தெரிந்தன. நடுவில் அவன் கைகளைத் தூக்கி நின்றான்.

எப்போது என்பதும் எந்த வழி என்பதும் இன்னும் சொல்லப்படவில்லை. கூம்பை எடுத்தேன். காவலுக்கு நின்ற என் தோழி பொலிக்சேனி கையைப் பிடித்தாள்.

"அவன் வரியையும் நீயே சொன்னா இடம் தெரிஞ்சிடும்டி!"

"சொல்லலேன்னா யாரும் வெளிய வர மாட்டாங்க. நீ பின்பக்கமா இறங்கிப் போயிடு."

அவள் போகவில்லை.

"விடியறதுக்குள்ள வளைச்சிடுவாங்க!" என்றேன். இரும்புத் தொப்பிகளில் ஒன்று என் பக்கம் திரும்பியது. "ஆம்பளைங்க எல்லாம் இப்பவே ஓடை வழியாப் போயிடுங்க!"

கீழே கதவுகள் திறந்தன. அப்பா காலணிகளைக் கையில் பிடித்தபடி வெறுங்காலோடு ஓடையை நோக்கி ஓடினார். பின்னால் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஓடினார்கள். தெருவின் மறுகோடியில் மட்டும் கதவுகள் மூடியே கிடந்தன. அங்கே கேட்கவில்லை போலிருக்கிறது.

எங்கள் தெருமுனையில் பூட்ஸ் சத்தம் வேகமாக நெருங்கியது. நான் கூம்பை மறுகோடிப் பக்கம் திருப்பி, முதல் வாக்கியத்திலிருந்து சொல்ல ஆரம்பித்தேன்.