நீல ரப்பர் செருப்பு

பகல் முழுக்க மாடிப்படி ஏறி இறங்கிய கால்களோடு வீட்டுக்கு வந்த எலக்ட்ரீஷியன், தண்ணீர் எடுக்கச் சமையலறைப் பக்கம் திரும்பினான். துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி தலை நிமிராமல் சொன்னாள்.

"செருப்பு."

சமையலறை வாசலில் ஒரு ஜோடி நீல ரப்பர் செருப்பு எப்போதும் கிடக்கும். அதை மாட்டிக்கொண்டுதான் ஃபிரிட்ஜைத் தொட வேண்டும். எட்டு மாதமாக அந்த வீட்டில் அதுதான் சட்டம்.

சட்டம் போட்டவன் அவன்தான். ஒரு மழைநாளில் ஃபிரிட்ஜைப் போட்டதும் ஃபியூஸ் போனது. கட்டினான். மறுபடி போனது. உள்ளே எங்கோ கரண்ட் தகட்டில் கசிகிறது, எர்த் கம்பி அதை மண்ணுக்கு இழுத்துக்கொண்டு போவதால்தான் ஃபியூஸ் எரிகிறது என்று அவனுக்குத் தெரியாதா என்ன. ஆனால் குழந்தையின் பால் கெட்டுவிடும். பிளக்கைத் திறந்து எர்த்தான அந்தப் பச்சைக் கம்பியை மட்டும் கழற்றிவிட்டான். ஞாயிற்றுக்கிழமை சரியாகப் பார்த்துவிடலாம் என்றான். அதன்பிறகு ஃபியூஸ் போகவில்லை; தொட்டால் ஷாக் அடித்தது, அதற்குத்தான் செருப்பு. வந்த ஞாயிறுகளில் எல்லாம் யார் வீட்டிலாவது மோட்டார் ஓடவில்லை.

இன்று ஒரு வீட்டில் துணி துவைக்கும் இயந்திரம் ஷாக் அடிக்கிறது என்று கூப்பிட்டிருந்தார்கள். பிளக்கைத் திறந்தால் அதே பச்சைக் கம்பி, அதே மாதிரி மடக்கி டேப் சுற்றியிருந்தது. எந்தக் கொலைகாரன் பார்த்த வேலை இது என்று வாய்விட்டுக் கேட்டுவிட்டான். வேலை நல்லாத் தெரிஞ்ச ஆளுன்னுதான் அவரைக் கூப்பிட்டோம் தம்பி என்றார் அந்த வீட்டு அம்மா. அவனுக்குக் காது சுட்டது.

தண்ணீரைத் தரையில் சிந்தச் சிந்தக் குடித்துவிட்டு, செருப்பைக் கழற்றி, கூடத்துச் சுவரில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்தான்.

"பாப்பா இன்னைக்கு நாலு எட்டு வச்சா" என்றாள் மனைவி.

"எதையும் பிடிக்காமயா?"

"பிடிக்காமதான். எந்தப் பக்கம் போனாள்னு கேளுங்க."

அவன் கண் தானாகச் சமையலறைப் பக்கம் போனது.

"ஊருக்கெல்லாம் எர்த் குடுக்கிற கை. நமக்கு மட்டும் செருப்பு குடுத்திருக்கு." குரலில் கோபம்கூட இல்லை. அதற்கும் தெம்பு வேண்டும்.

இந்த ஞாயிறு கண்டிப்பாகப் பார்க்கிறேன் என்று சொல்ல வாய் எடுத்தவன், அந்த வார்த்தையைத் தானே நம்பாமல் கண்களை மூடிக்கொண்டான்.

சர்ர், பொத். சர்ர், பொத். செருப்பை யாரோ இழுத்து இழுத்து நடக்கிற சத்தம். மனைவிதான் என்று நினைத்தான். ஆனால் பக்கத்தில் துணி உதறும் சத்தமும் கேட்டது.

கண்ணைத் திறந்தான். சமையலறைக்குள் குழந்தை நடந்துகொண்டிருந்தாள். ஒரு காலில் அந்த நீலச் செருப்பு, படகு மாதிரி. இன்னொரு கால் வெறும் கால். அவன் சிந்திய தண்ணீரில் நனைந்திருந்தது. ஃபிரிட்ஜுக்கு இன்னும் இரண்டு எட்டு.

கத்தினால் பயந்து முன்னால் விழுவாள். சுவரோரமாகப் பாய்ந்து சுவிட்சைத் தட்டிவிட்டுப் பிளக்கைப் பிடுங்கினான். ஃபிரிட்ஜ் ஒரு முறை உடம்பைக் குலுக்கிக்கொண்டு அடங்கியது.

கையில் பிளக்கோடு நின்றவனைக் குழந்தை ஏறிட்டுப் பார்த்தாள். நீட்டிய கை ஃபிரிட்ஜ் கதவுக்கு ஒரு சாண் முன்னால் நின்றது. குனிந்து தன் வெறும் காலைப் பார்த்தாள். பிறகு மெல்லத் திரும்பி, வாசலில் கிடந்த இன்னொரு செருப்பை நோக்கி நடக்க ஆரம்பித்தாள்.