கத்தம் முடிந்த வீட்டில் ஒரு விண்கப்பல்

அன்று கூடத்தில் இருந்தவர்கள் நான், என் மனைவி உம்மு, மருமகளின் வாப்பா காலிதீன், என் மகனின் கூட்டாளி முபாறக். சீலை மறைப்புக்கு அப்பால், கணவன் மவுத்தாகி, அந்நிய ஆண்கள் கண்ணில் படாமல் இத்தா இருந்த மருமகள் நஜ்லா. வேறு யாரும் இல்லை.

என் மகன் முர்ஷித் சவளக்கடை வயலுக்குப் போய் வந்து எலிக்காய்ச்சலில் மவுத்தானான். நாற்பதாம் நாள் அவனுக்காகக் கத்தம் ஓதி, சாப்பாடு முடிந்து, வந்தவர்கள் போயிருந்தார்கள். முபாறக் மட்டும் எழும்பவில்லை.

கல்முனையில் அவர்களுக்கு ஒரு வாசகர் வட்டம் இருந்தது. பழைய விஞ்ஞான நாவல்களை மறுபடி வாசித்து, இன்றைக்கும் அவை பெறுமதியானவையா என்று பேசுவார்களாம். முதல் நாவலை முர்ஷித்தான் தெரிவு செய்தானாம். அதில் வரும் விண்கப்பலில் கணினி காகித நாடாவில் பதில் எழுதுமாம். மற்றவர்கள் சிரித்தார்களாம். நாடாவை விடுங்கள், வீட்டில் காத்திருக்கிற கப்பல் தலைவனின் பெண்சாதியைப் பாருங்கள் என்று முர்ஷித் வாதாடினானாம். அவன் சொல்லக் கேட்டதோடு சரி, இப்போது அதை மற்றவர்களும் வாசிக்க வேண்டும், பிரதி வேறெங்கும் இல்லை, தர முடியுமா என்று முபாறக் என்னிடம் கேட்டான்.

"கத்தம் ஓதின வீட்டில ரொக்கட் கதையா, மச்சான்?" என்றார் காலிதீன்.

எனக்கும் அந்தப் புத்தகங்கள் பிடித்தமில்லை. கொண்டு போகட்டும் என்று அலுமாரிப் பக்கம் எழுந்தேன்.

"மாமா," என்றாள் நஜ்லா உள்ளிருந்து. "அதக் குடுக்காதீங்க. ஒவ்வொரு நாளும் எனக்கு வாசிச்சிக் காட்டினவர். கடைசி அத்தியாயம் மட்டும் மிச்சம்."

அந்நிய ஆண் இருக்கும்போது குரல் கேட்கலாமா என்று காலிதீன் மகளை அதட்டினார். நான் கையமர்த்தினேன். நீயே வாசிக்கலாமே என்றேன்.

"ஏலாது மாமா. திறந்தா அவர்ர குரல்தான் கேக்குது."

புத்தகத்தை எடுத்து, சீலைக்குப் பக்கத்தில் பாயில் அமர்ந்து நானே வாசித்தேன். கப்பல் தலைவனின் கடைசிப் பேச்சு பூமிக்கு வர வருடக்கணக்காகிறது. அது வந்து சேரும்போது அவன் உயிரோடு இல்லை. அது தெரிந்தே மனைவி உட்கார்ந்து கேட்கிறாள்.

உம்முவுக்குக் காது மந்தம். நான் பாயில் இருந்து மெதுவாக வாசிப்பதைப் பார்த்து, மகனுக்கு துஆ கேட்கிறேன் என்று நினைத்துவிட்டாள். தலையில் சீலையை இழுத்து விட்டு, இரண்டு கைகளையும் ஏந்தினாள். நான் மூச்சு வாங்கும் இடத்திலெல்லாம் ஆமீன் சொன்னாள். காலிதீன் தலையைக் குனிந்துகொண்டார். ஒருவரும் அவளைத் திருத்தவில்லை.

"இனிக் கதவைத் திறந்து வைக்காதே. நான் வர மாட்டேன்," என்று வாசித்தேன்.

"ஆமீன்," என்றாள் உம்மு.

சீலைக்கு அப்பால் நஜ்லா அழுதாள். புத்தகத்தைச் சீலைக்கு அடியால் உள்ளே தள்ளிவிட்டேன். முபாறக் அதைத் திரும்பக் கேட்கவில்லை, சலாம் சொல்லிப் போனான்.

என் மருமகள் இத்தாவில் அந்நிய ஆணோடு கதைத்தாள் என்று ஊரில் ஒரு பேச்சு இருக்கிறது. அது பொய். அவள் கதைத்தது என்னோடு.